கழிவுநீர்க் குழாய் வாங்கும் முன்: வீட்டுக்குள்ளே எது? மண்ணுக்குள்ளே எது?

புது வீடு கட்டும்போது வாசற்காலுக்குத் தேக்கா, வேம்பா என்று நாலு பேரைக் கேட்கிறோம். மரக்கடைக்கு மூன்று நடை நடக்கிறோம். சமையலறைக்கு என்ன கல் போடுவது என்று வீட்டில் பெரிய விவாதமே நடக்கும். கழிவுநீர்க் குழாய் என்று வரும்போது மட்டும், "எதையாவது வாங்கிப் போடுங்க மேஸ்திரி, மண்ணுக்குள்ளே போறதுதானே!" என்று சொல்லி விடுகிறோம்.

மண்ணுக்குள்ளே போவதால்தான் அதிகக் கவனம் வேண்டும். சுவரில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும், உடனே பூசி விடலாம். மண்ணுக்குள் உடைந்த மலக் குழாய் கண்ணுக்குத் தெரியாது. மாதக் கணக்கில் கசிந்து கொண்டே இருக்கும். கடைசியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, பெரியவருக்கு மஞ்சள் காமாலை என்று வந்த பிறகுதான் குழியைத் தோண்டிப் பார்ப்போம். ஆகவே, குழாய்க் கடைக்குப் போகும் முன் இதை ஒரு தடவை படித்து விடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குடும்ப நலத்துக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை ஆகிய நோய்களின் கிருமிகள் நோயாளியின் மலத்தோடு வெளியேறுகின்றன. அந்த மலம் குழாய்க்குள்ளேயே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்து விட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. வழியில் கசிந்தால் கிணற்றுக்கும், குடிநீர்க் குழாய்க்கும் வழி தேடும்.

நம் ஊர்களில் பல இடங்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே பீய்ச்சுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. தண்ணீர் நின்றதும் நிலைமை தலைகீழ். காலிக் குழாய் சுற்றிலும் உள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் கசிந்து கொண்டிருந்தால் மறுநாள் காலை முதல் குடத்தில் வருவது என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டில்லியில் 1955-56-ல் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை நீர் கலந்து, சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது 'ஈ' வகைக் காமாலை என்று பிற்காலத்தில் நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த 'ஈ' வகை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகி விடும். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி 3 மாதத்தில் வந்தால், தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து. மகளையோ மருமகளையோ பிரசவத்துக்கு அழைத்து வரும் வீடுகளில் இதை மறக்கக் கூடாது.

பிளாஸ்டிக் குழாய் எல்லாம் ஒன்றா?

இல்லை. கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். வேலை வேறு, வகை வேறு. பி.வி.சி. குழாய்களில் நமக்கு வேண்டியது மூன்று வகை.

முதலாவது, தண்ணீர் ஏற்றும் குழாய். ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும். மோட்டார் அழுத்தத்தையும் தொட்டி அழுத்தத்தையும் தாங்குவதற்கென்று செய்தது. இது குடிநீருக்கு.

இரண்டாவது, கட்டடத்தின் உள்ளேயும் சுவரை ஒட்டியும் போகும் கழிவுநீர்க் குழாய். கடைக்காரர்கள் 'எஸ்.டபிள்யூ.ஆர்.' என்பார்கள். தர எண் ஐ.எஸ். 13592. பெரும்பாலும் சாம்பல் நிறம். இதிலேயே 'ஏ' என்றும் 'பி' என்றும் இரண்டு உண்டு. 'ஏ' வகை மெல்லியது. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் மட்டும். 'பி' வகை தடித்தது. மலத்துக்கும், குளியலறை, சமையலறைக் கழிவுக்கும் உரியது.

மூன்றாவது, வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் புதைக்கும் சாக்கடைக் குழாய். தர எண் ஐ.எஸ். 15328. மண் பாரத்தையும் வண்டிப் பாரத்தையும் தாங்க வேண்டியது இதன் வேலை.

கழிவுநீருக்கென்று செய்த குழாயைக் குடிநீருக்குப் போடவே கூடாது. மிச்சம் விழுந்த துண்டாக இருந்தாலும் சரி. மின்சார ஒயர் விடும் மெல்லிய குழாயைப் பாத்திரம் கழுவும் தண்ணீருக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நாலு கோடை தாங்காது.

வீட்டுக்குள்ளே என்ன அளவு?

பழக்கத்தில் 3 இஞ்ச், 4 இஞ்ச் என்று கேட்கிறோம். குழாயின் மேல் அச்சிட்டிருப்பது மில்லிமீட்டர். அதுவும் வெளி விட்டத்தின் அளவு. 75 மி.மீ. என்பதுதான் நாம் சொல்லும் 3 இஞ்ச். 110 மி.மீ. என்பது 4 இஞ்ச். 160 மி.மீ. என்பது 6 இஞ்ச்.

கை கழுவும் தொட்டிக்கு: 40 மி.மீ.
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு: 50 மி.மீ.
குளியலறைத் தரைத் தண்ணீருக்கு: 75 மி.மீ.
கழிப்பறைக்கு: 110 மி.மீ. இதற்குக் குறையவே கூடாது.

தண்ணீர் போகும் திசையில் குழாயின் அளவு பெரிதாகலாம்; ஒருபோதும் சிறுக்கக் கூடாது. 110 மி.மீ. குழாயைக் கொண்டு போய் 75-ல் சொருகினால், அந்த இடத்தில் அடைப்பு நிச்சயம்.

இப்போது முக்கியமான விஷயம். 110 மி.மீ. குழாயில் 'ஏ' வகையின் சுவர்த் தடிமன் குறைந்தது 2.2 மி.மீ. 'பி' வகையில் குறைந்தது 3.2 மி.மீ. கடையில், "இதுவும் நாலு இஞ்ச்தாங்க, அதுவும் நாலு இஞ்ச்தாங்க. இது விலை கம்மி" என்று சொல்வார்கள். சொல்வது பொய் இல்லை. இரண்டும் 4 இஞ்ச்தான். ஒன்று மழைநீருக்கு, ஒன்று மலத்துக்கு. எந்த வேலைக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

மண்ணுக்குள்ளே எந்தக் குழாய்?

ஐ.எஸ். 15328 குழாயில் எஸ்.என். 2, எஸ்.என். 4, எஸ்.என். 8 என்று மூன்று வகுப்பு உண்டு. எண் பெரிதாக ஆக, நசுங்காத உறுதி அதிகம். ஆள் நடக்கும் முற்றத்துக்கு எஸ்.என். 4 போதும். கார், டிராக்டர், மாட்டு வண்டி ஏறி இறங்கும் வாசலடியில் எஸ்.என். 8 போடுவது நல்லது. ஒரு வீட்டின் கழிவுநீருக்கு 110 மி.மீ. போதும். இரண்டு மூன்று குடித்தனங்களின் கழிவு ஒன்று சேரும் இடத்திலிருந்து 160 மி.மீ. போடுங்கள்.

நல்ல குழாய் வாங்கினால் மட்டும் போதாது, பள்ளமும் நன்றாக இருக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் கல், செங்கல் துண்டு, வேர் எதுவும் இல்லாமல் எடுத்து விட்டு, 4 அங்குலம் மணல் பரப்புங்கள். குழாயை அதன் மேல் முழு நீளமும் படியும்படி வையுங்கள். இரண்டு பக்கமும், மேலேயும் மணலே போட்டு மெதுவாக மிதித்து விட்டு, பிறகு மண் தள்ளுங்கள். தோண்டி எடுத்த ஜல்லியையும் உடைந்த ஓட்டையும் அப்படியே குழாய் மேல் கொட்டுவதுதான் பல குழாய்கள் உடையக் காரணம். குழாயின் தலைக்கு மேலே, ஆள் நடக்கும் இடத்தில் குறைந்தது 2 அடியும், வண்டி போகும் இடத்தில் 3 அடியும் மண் இருக்கட்டும்.

குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே பள்ளத்தில் போடாதீர்கள். "ஒரு பள்ளம் தோண்டினா ஒரு கூலி மிச்சம்" என்று நினைத்துச் செய்கிற காரியம் இது. இரண்டுக்கும் நடுவே 10 அடி இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று கடந்தே ஆக வேண்டுமானால், குடிநீர்க் குழாய் மேலேயும், சாக்கடைக் குழாய் ஒன்றரை அடிக்குக் குறையாமல் கீழேயும் போகட்டும். செப்டிக் டாங்கிலிருந்து வரும் தண்ணீரை விடும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

கடையில் எதைப் பார்ப்பது?

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை, தர எண், அளவு, 'ஏ' அல்லது 'பி' வகை, கம்பெனிப் பெயர், தயாரிப்பு எண் இத்தனையும் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும். கைப்பேசி வைத்திருப்பவர்கள் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டு, அசலா போலியா என்று அங்கேயே பார்க்கலாம்.

2. குழாயின் வாயைப் பாருங்கள். சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்கிறதா? உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா? குமிழும் கோடும் இருந்தால் வேண்டாம்.

3. தூக்கிப் பாருங்கள். 10 அடி நீளமுள்ள 110 மி.மீ. குழாய் 'ஏ' வகையானால் 3 கிலோவுக்குச் சற்று மேலும், 'பி' வகையானால் நாலரை கிலோவுக்கு மேலும் இருக்கும். ஆனால் கனத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். சுண்ணாம்புத் தூளை அதிகமாகக் கலந்த மட்டமான குழாயும் கனமாகத்தான் இருக்கும். தட்டினால் ஓடு போல நொறுங்கும்.

4. வெயிலில் மாதக் கணக்கில் கிடந்து வெளுத்த குழாயை வாங்காதீர்கள். வெயில் பட்டுப் பட்டு பி.வி.சி. முறியும் தன்மை அடையும். உங்கள் வீட்டிலும் வாங்கிய குழாயை நிழலில் படுக்க வையுங்கள். வெளிச்சுவரில் பொருத்திய குழாய்க்குச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டையே பூசி விட்டால் ஆயுசு கூடும்.

5. வளைவு, கிளைக் குழாய் போன்ற உதிரிப் பாகங்களையும் அதே தரத்தில் வாங்குங்கள். திருப்பங்களில் திறந்து பார்க்கும் மூடி உள்ளதாகக் கேளுங்கள். 'டோர் பெண்டு', 'டோர் டீ' என்றால் கொடுப்பார்கள். நாளைக்கு அடைப்பு வந்தால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

சரிவுக் கணக்கு

கழிவுநீர் தானாகவே ஓட வேண்டும். அதற்குச் சரிவு வேண்டும். கணக்கு சுலபம்.

110 மி.மீ. குழாய்: 10 அடிக்கு 3 அங்குலம்.
160 மி.மீ. குழாய்: 10 அடிக்கு 2 அங்குலம்.

சரிவு குறைந்தால் மலம் தங்கிப் படியும். அளவுக்கு மீறிச் சரித்தாலும் தண்ணீர் முந்திக் கொண்டு ஓடி விடும், கெட்டி அழுக்கு பின்தங்கி விடும். கண் மதிப்பில் விடாமல், ரசமட்டமோ தண்ணீர் டியூபோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு இடம் தொய்ந்திருந்தாலும் அங்கே அழுக்கு குட்டை கட்டும்.

திருப்பம் வரும் இடத்தில் ஒரே செங்குத்து வளைவாகத் திருப்பாமல், இரண்டு அரை வளைவாகத் திருப்பினால் அடைப்பு குறையும். வெளியே ஒவ்வொரு திருப்பத்திலும், இரண்டு குழாய் சேரும் இடத்திலும் மூடி போட்ட சிறு தொட்டி ஒன்று கட்டி விடுங்கள்.

இணைப்பில்தான் சூட்சுமம்

குழாய் உடைந்து கசிவதை விட, இணைப்பில் கசிவதே அதிகம். இணைப்பு இரண்டு விதம். பசை போட்டு ஒட்டுவது ஒன்று, ரப்பர் வளையம் போட்டுச் சொருகுவது மற்றொன்று.

பசை என்றால், குழாயை நேராக அறுத்து, பிசிறை அரத்தால் நீவி, ஈரமும் தூசும் இல்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் பூசி, முழுக்கச் சொருகி, அரை நிமிஷமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கழித்துத் தண்ணீர் விடுங்கள். அந்தப் பசையின் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும், எளிதில் தீப்பற்றும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் கூடாது. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

ரப்பர் வளையம் என்றால், சோப்புத் தண்ணீர் தடவிச் சொருகலாம். எண்ணெயும் கிரீசும் தடவினால் ரப்பர் கெட்டு விடும். முழுக்கச் சொருகிய பின் சுமார் 10 மி.மீ. வெளியே இழுத்து விட வேண்டும். காரணம், பி.வி.சி. சூட்டில் நீளும். 10 அடிக் குழாய் 30 டிகிரி சூடு கூடினால் சுமார் 6 மி.மீ. நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் சித்திரை வெயிலில் குழாய் நெளிந்து, இணைப்பு விட்டுப் போகும்.

எந்த இணைப்பானாலும், குழாயின் அகன்ற வாய் தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். உதிரிப் பாகம் வாங்கும் செலவை மிச்சப்படுத்த, குழாய் முனையை நெருப்பில் வாட்டி வாயை விரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. விரித்த இடம் மெலிந்து, பின்னால் அங்கேதான் வெடிக்கும். அதை அனுமதிக்காதீர்கள். அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் கொளுத்தவும் கூடாது. பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நஞ்சு.

பள்ளத்தை மூடும் முன் ஒரு சோதனை. கீழ் முனையை இறுக அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்து வையுங்கள். அரை மணி கழித்தும் மட்டம் இறங்காவிட்டால் இணைப்பு சரி. இறங்கினால் மூடும் முன்பே சரி செய்து கொள்ளலாம்.

தண்ணீர்ப் பூட்டும் காற்றுக் குழாயும்

கழிப்பறைத் தொட்டியின் கீழே கழுத்து போல வளைந்த பகுதியில் எப்போதும் 2 அங்குலம் தண்ணீர் நிற்கும். இதுதான் சாக்கடை வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் பூட்டு. குளியலறைத் தரையிலும் இதே போன்ற 'நஹானி டிராப்' வேண்டும். வீட்டைப் பூட்டி விட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால் அந்தத் தண்ணீர் வற்றிப் போகும். திரும்பி வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

காற்றுக் குழாய் இல்லாவிட்டால், மொத்தமாகத் தண்ணீர் ஊற்றும்போது குழாய்க்குள் காற்று இழுபட்டு, பூட்டுத் தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போய் விடும். வீட்டுக்குள் நாற்றம் அடிக்கும். செப்டிக் டாங்கு வீட்டை ஒட்டி இருந்தால் காற்றுக் குழாய் கூரைக்கு மேலே 2 மீட்டர் உயரட்டும்.

அதன் வாயில் நைலான் கொசுவலை கட்டாயம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, செப்டிக் டாங்கு போன்ற அழுக்கு நீரில்தான் முட்டையிடும். வலையில்லாத காற்றுக் குழாய் அதற்குப் போக வர ராஜபாட்டை. அரை முழ வலையும் ஒரு துண்டுக் கம்பியும் போதும்.

தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

"நர்சம்மா, வடிச்ச கஞ்சியைச் சூடா தொட்டியிலே ஊத்தலாமா?"
வேண்டாம்மா. கொதிக்கிற கஞ்சி 100 டிகிரிச் சூடு. பி.வி.சி. 80 டிகிரி வாக்கிலேயே இளகிடும். தினமும் ஊத்தினா குழாய் தொய்ஞ்சு இணைப்பு விட்டுடும். ஆற வச்சு ஊத்துங்க. எண்ணெய்ச் சட்டியை முதல்லே காகிதத்தாலே துடைச்சுட்டுக் கழுவுங்க.

"அடைப்பு வந்தா ஆசிட் ஊத்தலாமா?"
முதல்லே மூடியைத் திறந்து மூங்கில் பிளாச்சாலே தள்ளிப் பாருங்க. கடப்பாரை போடாதீங்க. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்திலே போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைக்கும்.

"மாதவிலக்குத் துணியைப் போட்டா போகாதா?"
போகாதும்மா. துணி, நாப்கின், குழந்தைக்குக் கட்டற டயப்பர் எதுவும் குழாயிலே கரையாது. காகிதத்திலே சுத்திக் குப்பையிலே தனியா போடுங்க.

"மழைத் தண்ணியையும் இதிலேயே விட்டுடலாமா?"
கூடாது. ஒரு பெருமழைக்கு சாக்கடை நிரம்பி, வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். தமிழ்நாட்டிலே 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சு. மாடித் தண்ணிக்குத் தனிக் குழாய் போட்டு, சேகரிப்புக் குழியிலே விடுங்க.

ஆளை இறக்காதீர்கள்

செப்டிக் டாங்கிலும் சாக்கடைத் தொட்டியிலும் நச்சு வாயு தேங்கி நிற்கும். எட்டிப் பார்க்கப் போனவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் சேர்ந்து மாண்ட செய்திகளை எத்தனையோ படித்திருக்கிறோம். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவு உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். நல்ல குழாயும், சரியான சரிவும், திறந்து பார்க்கும் மூடியும் இருக்கிற வீட்டில் அடைப்பு எடுக்க யாரும் உள்ளே இறங்க வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரும் நம் குழாயில் இருக்கிறது.

நினைவில் நிறுத்துங்கள்

* வீட்டுக்குள்ளே மலத்துக்கு ஐ.எஸ். 13592 'பி' வகை, 110 மி.மீ.
* மழைநீருக்கும் காற்றுக்கும் 'ஏ' வகை போதும்.
* மண்ணுக்குள்ளே ஐ.எஸ். 15328, வண்டி ஏறும் இடத்தில் எஸ்.என். 8.
* 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு.
* குடிநீர்க் குழாய் 10 அடி தள்ளி, எப்போதும் மேலே.
* காற்றுக் குழாய் வாயில் கொசுவலை.
* தண்ணீர் நிரப்பிப் பார்க்காமல் பள்ளத்தை மூடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து போனாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கண் மஞ்சளித்தாலும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒரே சமயம் நோய் கண்டால், தெருக் குழாயில் கசிவு இருக்கலாம். உடனே சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். தண்ணீரைச் சோதிக்க ஏற்பாடு செய்வார்.

வீடு ஒரு தடவை கட்டுகிறோம். குழாய் அதோடு முப்பது, நாற்பது வருஷம் மண்ணுக்குள் இருக்கப் போகிறது. இன்றைக்குக் கடையில் கால் மணி நேரம் நின்று நாலு எழுத்தைப் படித்து வாங்குங்கள். பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றம் சுத்தமாக இருக்கும்.